வடக்கே போன சில்லுகள்

அக்டோபர் 2, புதன்

இந்த நோட்டு இன்று என் கைக்கு வந்தது. கெட்டி அட்டை, கோடு போட்ட தாள், தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாதாம். கொடுத்தவர் மதுவந்தி மேடம், சென்னையில் கடல் ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் ஆறு கொண்டுவந்து கொட்டுகிற பிளாஸ்டிக் குப்பை கடலுக்குள் எந்தப் பக்கம் போகிறது, எங்கே போய் ஒதுங்குகிறது என்று கண்டுபிடிக்க வந்திருக்கிறார். சங்குமுனையில் கடலை நன்றாகத் தெரிந்தவர் யார் என்று டீக்கடையில் கேட்டார். என்னைத்தான் காட்டினார்கள். அப்போது மற்ற ஆம்பிளைகள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தார்கள், கடையில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

என் பெயர் கஸ்பார். வயது அறுபத்து மூன்று. எட்டாம் வகுப்பு வரை படிப்பு, அதற்கு மேல் நாற்பது நாட்டுத் துறைமுகம். கப்பலில் கேப்டனுக்கு வலது கை. இப்போது அக்காள் மகன் ரெமிஜியுஸ் வீட்டில் இருக்கிறேன். அவனுக்கு நான் தாய்மாமன். அவன் பெண்டாட்டி ஜெனோவாவுக்கு முறைப்படி பெரியப்பா.

வேலை இதுதான். உள்ளங்கை அளவு மரச்சில்லுகள், ஆரஞ்சு வர்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு எண், கீழே மேடத்தின் போன் நம்பர். குப்பையைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கடலில் இன்னும் குப்பை போடக் கூடாது என்று மரத்தில் செய்திருக்கிறார்கள். ஒரு பைக்கு இருபது, மொத்தம் எட்டுப் பை. வியாழன்தோறும் காலையில் முகத்துவாரத்துக்கு வெளியே மூன்று கிலோமீட்டர் போய் ஒரு பையைக் கடலில் கொட்ட வேண்டும். எண், நேரம், காற்று, நீவாடு நான்கையும் இந்த நோட்டில் எழுத வேண்டும். கடல் தண்ணீரின் ஓட்டத்தைத்தான் நாங்கள் நீவாடு என்போம். கரையில் சில்லைக் கண்டெடுப்பவர்கள் மேடத்துக்குப் போன் செய்வார்கள்.

ஆற்றுத் தண்ணீர் கடலில் விழுந்ததும் கலந்துவிடாதாம். கரையை ஒட்டி ஏதோ ஒரு பக்கம் திரும்பி ஓடுமாம். அது திரும்புகிற பக்கம்தான் குப்பையும் போகும் என்றார். இதை நான் முப்பது வருடத்துக்கு முன்பே ஒரு நார்வே கேப்டனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்றேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். ஆச்சரியம்தான்.

அக்டோபர் 3, வியாழன்

சில்லு 1 முதல் 20. காலை ஆறே கால். மேல்காற்று. நீவாடு வடக்கே.

ரெமி போட்டான், நான் மேற்பார்வை. மேற்பார்வை என்பது கரையில் நின்று செய்தால்தான் முழுதாகத் தெரியும். பெரிய கப்பலில் பழகிய உடம்புக்குச் சின்ன வள்ளத்தின் ஆட்டம் ஒத்துக்கொள்வதும் இல்லை.

திரும்பி வந்த வள்ளத்தில் மீன் ஒரு கூடைகூட இல்லை. வலை நிறையப் பால் பாக்கெட்டு, ஷாம்பு உறை, குளுக்கோஸ் ஏற்றுகிற பாட்டில், குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர். ரெமியும் அவன் கூட்டாளி இருதயமும் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார்கள். மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. வலையில் ஒரு ஆசுபத்திரியையே பிடித்துவந்திருக்கிறாயே மருமகனே என்றேன். சிரிக்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

ஜெனோவா காலையில் கோணியோடு வடக்குக் கரைக்குப் போய்வந்தாள். ஒதுங்கிக் கிடக்கிற ரப்பர் செருப்புகளைப் பொறுக்கிவருவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இது அவள் வேலை. செருப்பை வட்டவட்டமாக வெட்டி நடுவில் ஓட்டை போட்டு ரெமியின் வலைக்கு மிதவையாகக் கோர்த்துவிடுவாள். ஆறு எந்த ஊர்க் காலிலிருந்து கழற்றிக்கொண்டு வருகிறதோ, ஒரு நாளும் ஜோடி சேராது.

ஆராய்ச்சி நடக்கிற வீட்டில் இந்தப் பொறுக்கல் வேலை வேண்டாம், மேடம் பார்த்தால் என் மரியாதை என்ன ஆகும் என்றேன்.

"உங்க சில்லு எந்தப் பக்கம் போச்சுன்னு மெட்ராஸ்ல இருந்து போன் வரணும் பெரியப்பா. எனக்குச் செருப்பு கெடக்குற எடத்தைப் பாத்தாலே தெரிஞ்சிரும்" என்றாள்.

பிளஸ் டூ படித்த பிள்ளை. பேச்சு மட்டும் இப்படி.

அக்டோபர் 12, சனி

வெற்றி. பதினோரு சில்லுகள் கிடைத்துவிட்டன, எல்லாம் தூத்துக்குடிப் பக்கம், வடக்கே. மேடம் ஒரு படம் அனுப்பினார். கரை கறுப்புக் கோடு, சில்லு போன வழி சிவப்புக் கோடு. அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து மீனவர் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டிவிட்டேன். கீழே 'உதவி: திரு. கஸ்பார்' என்று அச்சடித்திருக்கிறது. தொம்மை அண்ணன் ஊரிலேயே மூத்த வள்ளக்காரர், எனக்கு நான்கு வயது பெரியவர், என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவர். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பொறாமை.

அக்டோபர் 17, வியாழன்

சில்லு 41 முதல் 60. போன வாரப் பையும் இந்த வாரப் பையும் ரெமிதான் கொண்டுபோனான். நீவாடு வடக்கே.

சாப்பிடும்போது ரெமி ஒன்று சொன்னான். "மாமா, ஒரு நாளைக்கு நீங்களும் வாங்க. மேடம் போன் போட்டு, மாமா கூட வந்தாரான்னு கேக்காக. எனக்குப் பொய் சொல்ல வரல."

ஜெனோவா குனிந்துகொண்டு, பெரியப்பா வந்தால் ஒரு வாளி கூடக் கொண்டுபோங்க என்றாள். பதினேழு வயதில் நான் முதல் தடவை கடலுக்குப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்ததை என் அக்காள் இவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அன்று நான் சாப்பிட்ட நண்டு சரியில்லை, அதுதான் காரணம். இந்த ஊருக்கு ஒரு விஷயம் கிடைத்தால் நாற்பத்தாறு வருடமானாலும் விடாது.

அடுத்த வாரம் முதல் ரெமியின் தயவு வேண்டாம். பக்கத்து ஊர் வள்ளத்தில் நானே போவேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

சில்லு 61 முதல் 80. காலை ஆறு. காற்று சுமார். நீவாடு வடக்கே.

புயல் எச்சரிக்கை என்று ஊரில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. நான் மட்டும் காரியத்தை முடித்தேன். எப்படி என்று விவரமாக எழுதினால் தற்பெருமை ஆகும். ஆற்று முகத்தில் வற்றம், அதாவது கடலுக்குள் இறங்குகிற ஓட்டம், நல்ல வேகம். கட்டிலுக்கு அடியில் பைகள் இடத்தை அடைக்கின்றன என்று ஜெனோவா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இனி அந்தக் கவலை இல்லை, வேறு இடத்தில் பத்திரப்படுத்தியாயிற்று என்று சொன்னேன். கடைசிப் பை ஒன்று மட்டும் இருக்கிறது. அதை நவம்பர் 21 அன்று மேடமே வந்து என்னோடு போடுவதாக ஏற்பாடு.

அக்டோபர் 31, வியாழன்

சில்லு 81 முதல் 100. காலை ஆறே கால். நீவாடு வடக்கே. கடல் கண்ணாடி மாதிரி. இரண்டு டால்பின்கள் வள்ளத்தின் இருபுறமும் வந்தன. ஒன்று என்னைப் பார்த்தது.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அக்காள் கல்லறையில் மெழுகுவத்தி வைத்தோம். காற்றுக்கு நிற்கவில்லை. ஜெனோவா ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்துக் கவிழ்த்தாள், நின்றது. ரெமி கும்பிட்டுவிட்டு எழுந்து, அம்மா சாகும்போது உங்களைப் பாத்துக்கச் சொன்னா என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே கட்டிலில், அவன் இல்லாத நேரத்தில், அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கையைத்தான் பிடித்தாள்.

நவம்பர் 7, வியாழன்

சில்லு 101 முதல் 120. ஆறு மணி. நீவாடு வடக்கே.

விடியற்காலையிலிருந்து மழை, ரெமி கடலுக்குப் போகவில்லை, வலை பிரித்துக்கொண்டிருந்தான். மழையில் எப்படி மாமா போனீர்கள் என்று கேட்டான். பம்பாயிலிருந்து மஸ்கட் போகும்போது இதைவிடப் பெரிய மழை என்றேன். தலையை ஆட்டினான். அவன் என்னை எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை. ஆறு வயதில் அப்பன் போன நாளிலிருந்து நான் சொன்ன கப்பல் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன்.

நவம்பர் 14, வியாழன்

சில்லு 121 முதல் 140. காலை ஆறரை. வாடைக்காற்று. நீவாடு வடக்கே.

இன்றைக்குக் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அலை வள்ளத்தின் மேலே ஏறி விழ, மற்றவர்கள் மாதாவைக் கூப்பிட, நான் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் சில்லுப் பையையும் பிடித்துக்கொண்டேன். உப்புக் காற்று பட்டுக் கண் இப்போதும் எரிகிறது.

வீட்டில் ஜெனோவா பத்துப் பேருக்குச் சமையல் செய்கிறாள். இன்று மாதா சபைக் கூட்டம்.

நவம்பர் 16, சனி

மேடம் போன் செய்தார். சந்தோஷத்தில் குரலே மாறியிருந்தது. 127-ஆம் எண் சில்லு வடக்கே பதினெட்டுக் கிலோமீட்டரில் கிடைத்திருக்கிறது. கரையில் குப்பை அள்ளிய ஒருவர் எடுத்து இன்று காலை படம் அனுப்பியிருக்கிறார். வியாழன் போட்டது சனிக்கிழமை அங்கே. எல்லா வருடமும் அக்டோபர் முடியும்போது நீவாடு தெற்கே மாறிவிடும், இந்த வருடம் இன்னும் மாறவில்லை, இது புதிய செய்தி என்றார்.

பிறகு, இரண்டு நாளில் வர்ணம் இவ்வளவு வெளுத்திருக்கிறதே, பின்பக்கம் பாசிகூடப் பிடித்திருக்கிறதே என்று கேட்டார். எங்கள் கடலின் வெயிலும் உப்பும் அப்படி என்றேன். எழுதிக்கொண்டார்.

சாயங்காலமே புதுப் படம் வந்தது. சுவரில் பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டினேன். சிவப்புக் கோடு வடக்கே இன்னும் தடிமனாக இருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

மேற்கே பெருமழை. அணைக்கட்டு நிறைந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பூசை முடிந்து எல்லோரும் ஆற்று முகத்தில் போய் நின்று பார்த்தோம். தண்ணீர் தெரியவில்லை, குப்பைதான் வந்தது. தெர்மோகோல், மூட்டை மூட்டையாகக் கட்டிய கவர், சிமென்ட் சாக்கு, ஒரு நாற்காலி, மூடி போட்ட ஒரு லட்சம் பாட்டில். திருநெல்வேலியிலிருந்து இந்தப் பக்கம் எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊரும் தன் பின்வாசலை எங்கள் முன்வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பார்த்தோம், வரத்து குறையவில்லை.

நாளைக்குப் போகாதே என்று ஜெனோவா ரெமியிடம் சொன்னாள். பதினோரு நாளில் நான்கு நாள்தான் போயிருக்கிறேன் என்றான்.

நவம்பர் 18, திங்கள்

இப்போது மத்தியானம் மூன்று மணி. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஐந்தரைக்கு ரெமியும் இருதயமும் வள்ளத்தை இறக்கினார்கள். ஆற்று முகத்தைத் தாண்டும் இடத்தில், அலை உடைகிற மணல்திட்டுக்கு நேராக, இன்ஜின் நின்றது. புரொப்பல்லரில் சாக்கும் கவரும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது என்று இருதயம் சொல்கிறான். ரெமி கத்தியோடு பின்பக்கம் குனிந்து அறுத்தான். பாதி அறுத்தபோது வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. இருதயம் நீந்திக் கரையேறினான். ரெமி காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்ததைப் பார்த்தானாம். மழை மறைத்துவிட்டது. எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை. அதற்கு மேல் பேச முடியாமல் தண்ணீராக வாந்தி எடுத்தான். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஏழு மணிக்கு ஊர் முழுக்கச் சங்கக் கட்டடத்தில் கூடிவிட்டது. பதினாறு வள்ளங்கள் தயார். குப்பைக்குள் இன்ஜின் ஓட்டித் தேடுவது லேசு இல்லை, இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பினால் ஒரு பக்கமும் உருப்படியாகத் தேட முடியாது. ஒரு பக்கம் முடிவு செய்ய வேண்டும். மீன்வளத் துறை அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். அவர் கண் நேராகச் சுவரில் இருந்த படத்துக்குத்தான் போனது. இது யார் செய்தது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தொம்மை அண்ணன் எழுந்தார். "கஸ்பாரு, சனிக்கெழம நான் விட்ட வலை தெக்க நவுந்து கெடந்துச்சு. தண்ணி தெக்கதான் இழுக்கு."

அதிகாரி மேடத்துக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். வியாழக்கிழமை போட்ட சில்லு வடக்கே கிடைத்திருக்கிறது, அது உறுதியான தகவல், ஆனால் நேரில் இருக்கிற கஸ்பார் ஐயாவைக் கேளுங்கள் என்றார் மேடம். ஐயா என்றார்.

அப்போது ஜெனோவா உள்ளே வந்தாள். ஈரத் தலை, கையில் நேற்றைய கோணி. "ஒரு வாரமா செருப்பெல்லாம் தெக்குக் கரையிலதான் கெடக்கு. வடக்க ஒண்ணுகூட இல்ல. கலங்கத் தண்ணி தெக்க திரும்பிட்டு பெரியப்பா" என்று கோணியை என் காலடியில் கவிழ்த்தாள். நிறையச் செருப்புகள் விழுந்தன. ஒரு பையன் சிரித்துவிட்டான், அவன் தலையில் யாரோ தட்டினார்கள்.

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்து மூன்று வருடத்தில் இந்த ஊர் என் வாயை அப்படிப் பார்த்ததில்லை.

"வியாழக்கெழம நானே போட்ட சில்லு. எண் நூத்தி இருவத்தேழு. வடக்க" என்றேன்.

ஜெனோவா என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை.

பதினைந்து வள்ளங்கள் வடக்கே போயின. தொம்மை அண்ணன் மட்டும் தெற்கே திருப்பினார். அரை மணி நேரத்தில் அவருடைய புரொப்பல்லரிலும் கவர் சுற்றிக்கொண்டது. துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தார்.

ரெமி நன்றாக நீந்துவான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆற்றில்.

வடக்கே கிடைத்துவிடுவான்.

நவம்பர் 18, சாயங்காலம்

கிடைக்கவில்லை. அங்கே தண்ணீர் தெளிவாக இருக்கிறதாம். ஒரு கவர்கூட மிதக்கவில்லையாம். அதைச் சொன்னவன் ஏன் சொல்கிறோம் என்று தெரியாமல்தான் சொன்னான். ஜெனோவாவுக்குக் கேட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. ஒன்பது வள்ளங்கள் போயின. வடக்கே.

நான் இரண்டு தடவை கட்டடம் வரை போனேன். படத்துக்கு முன்னால் அதிகாரி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உட்காருங்க ஐயா என்றார். உட்கார்ந்தேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். சொல்லலாம் என்று போன விஷயம் ஒன்று இருந்தது. டீ ஆறிவிடும் என்று அவர் சொன்னதில் மறந்துவிட்டது.

நவம்பர் 20, புதன்

திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே ஒரு கரையில் கிடைத்தான். காலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

நானும் தொம்மை அண்ணனும் வேனில் போனோம். அந்தக் கரையில் மணல் இல்லை. முழங்கால் உயரத்துக்கு எங்கள் ஆற்றுக் குப்பை. ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே நாற்காலி கிடந்தது. பால் பாக்கெட்டுகளை விலக்கித்தான் அவன் முகத்தைக் காட்டினார்கள். கேனின் கைப்பிடியோடு தன் இடுப்பைக் கைலியால் கட்டியிருந்தான். முடிச்சு நல்ல முடிச்சு. கை சோர்ந்துபோகும் என்று முன்கூட்டியே யோசித்துக் கட்டியிருக்கிறான். அவிழ்க்க முடியவில்லை, அறுத்தார்கள்.

டாக்டர் சின்னப் பையன். நாங்கள் கேட்காமலே சொன்னான். இறந்து ஒரு இரவுகூட முழுதாக ஆகியிருக்காது, நேற்றுச் சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்க வேண்டும் என்றான். தொம்மை அண்ணன் அவனை மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னான்.

திரும்பும் வழியில் அவர் என்னிடம் பேசவில்லை. நான்தான் பேசினேன். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒருவன் நான்கு நாள் மிதந்து உயிரோடு வந்த கதையைச் சொன்னேன். நான் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேன் ஓட்டுகிறவன் கேட்டுக்கொண்டு வந்தான்.

நவம்பர் 21, வியாழன்

அடக்கம். அக்காளுக்குப் பக்கத்தில்.

நவம்பர் 25, திங்கள்

மதுவந்தி மேடம் வந்தார். ஜெனோவாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல பிள்ளை. நீவாடு திடீரென்று ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்தில்தான் மாறியிருக்க வேண்டும், வியாழன் வரை வடக்கே இருந்ததற்கு நம்மிடம் ஆதாரம் இருக்கிறது, யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், எனக்கு ஆறுதலாக.

இந்தப் படத்தை இனி கரையோரம் முழுக்கக் கொடுக்கப்போகிறார்களாம். யாராவது கடலில் காணாமல் போனால் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று இதைப் பார்த்து முடிவு செய்வார்கள். நவம்பர் பாதி வரை வடக்கே என்று இருக்கும். என் பெயரும் இருக்கும். நாளை மறுநாள் புறப்படும்போது நோட்டை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

கடைசிப் பை கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. அதை வேண்டாம் என்றார்.

நவம்பர் 26, செவ்வாய்

ஜெனோவா செருப்புப் பொறுக்கப் போவதில்லை. காலையில் எழுந்து பழக்கத்தில் கோணியை எடுக்கிறாள், பிறகு மடித்து வைக்கிறாள். ரெமியின் வலை வாசலில் கிடக்கிறது. அதில் பாதி மிதவைதான் கோர்த்திருக்கிறது.

எனக்குக் கஞ்சி வைத்தாள். தினமும் வைக்கிறாள். நான் குடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள். சத்தம் போடவில்லை. கோபம் மாதிரிகூட இல்லை.

"அந்த வியாழக்கெழம நீங்க எங்கயும் போகல பெரியப்பா. சபைக் கூட்டத்துச் சமையலுக்கு விடியக்காலம் அஞ்சு மணியில இருந்து எனக்கு வெங்காயம் உரிச்சுத் தந்திய. ரெண்டு கிலோ. துறைமுகத்து கேன்டீன்ல உரிச்ச கையாச்சேன்னு நான் கேலி பண்ணுனேன்."

நான் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கட்டடத்துல நிக்கும்போது எனக்கு அது ஞாபகம் இருந்துச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. படிச்சவுக போட்ட படம், அதுல அச்சடிச்சிருக்கு, நாம கிழமையத் தப்பா நெனைக்கோமோன்னு நெனச்சிட்டேன். அத்தனை ஆம்பிளைய நடுவுல உங்களப் பொய்யின்னு சொல்லணுமேன்னும் இருந்துச்சு. நான் சொல்லல. நானும் சொல்லல."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். கழுவிக் கவிழ்த்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். என் வாயில் வந்தது ஒரு கப்பல் கதை. மஸ்கட்டோ மலேசியாவோ. வாயை மூடிக்கொண்டேன். நான் எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. துறைமுகத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

மேடம் பத்து மணிக்கு வருகிறார். நோட்டு மேசைமேல் இருக்கிறது. ஆற்றில் போட்டுவிட்டுத் தவறி விழுந்தது என்று சொல்லலாம். நான் சொன்னால் நம்புவார். எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். போட்டாலும் எங்கேயோ ஒரு கரையில், பால் பாக்கெட்டுகளுக்கு நடுவில் ஒதுங்கும். இந்தத் தாளில் எழுத்தும் கலையாது.

தண்ணீர் மாறியது எந்த நாள் என்று மேடத்துக்குத் தெரிய வேண்டும். அடுத்த வருடம் ஒருவன் கேனைக் கட்டிக்கொண்டு மிதப்பான். முன்னால் எழுதியதை அடிக்கவில்லை. அடித்தால் என்ன எழுதியிருந்தேன் என்று தெரியாமல் போய்விடும். அந்த நாளை மட்டும் கீழே திரும்ப எழுதுகிறேன்.

நவம்பர் 14, வியாழன்

சில்லு எதுவும் போடவில்லை. 61 முதல் 140 வரை நான்கு பையும் அக்டோபர் 24 காலையில் ஆற்று முகத்துப் படித்துறையில் நின்று ஒரே நேரத்தில் கொட்டினேன். கடலுக்குப் போகவில்லை. அதற்கு முன்னும் போகவில்லை.

இன்று காலை ஐந்து மணி முதல் வீட்டில் இருந்தேன். ஜெனோவாவுக்கு வெங்காயம் உரித்தேன்.

ரெமி கடலுக்குப் போய்ப் பதினொன்றரைக்கு வந்தான். வலையை வாசலில் போட்டுவிட்டுச் செம்புத் தண்ணீரைக் குடித்தான். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "நீவாடு தெக்க மாறிட்டு மாமா. இன்னைக்கித் தேதியப் போட்டு எழுதிக்கிடுங்க, மேடத்துக்கு ஆகும்" என்றான்.

நான் எழுதவில்லை.